ஜீவரத்தினம் சாரின் நாலு எஃப்

ஜீவரத்தினம் சார் என்றதும் நந்திதாவுக்கு நினைவுக்கு வருவது ஏப்ரல் மாதத்து ஒரு பேச்சு. அந்த மாம்பழக்கூழ் கம்பெனியின் திருப்பதி ஆபீசில் அவள் வேலைக்குச் சேர்ந்து அது மூன்றாவது வாரம். முன்பு கூழ் டின்களின் மாதிரிகளை அடுக்கி வைத்திருந்த அறைக்கு ஏசி மாட்டி, கதவில் சர்வர் ரூம் என்று எழுதியிருந்தார்கள். மதியம் மூன்றரை மணி இருக்கும். அவர் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளி, விரல்களை ஒவ்வொன்றாகச் சொடுக்கிவிட்டுச் சொன்னார்.

"எல்லாத்தையும் மாத்திட்டேம்மா."

"எதை சார்?"

"அட்ரஸ். இருநூத்திப் பன்னெண்டு ஐபி அட்ரஸ். பழசெல்லாம் போச்சு. இனிமே கம்பெனி முழுக்கப் புதுசு."

"ஒரே நாள்லயா?"

"நாள் எதுக்கு? சோறு துன்னுட்டு உக்காந்தேன். டீ வர்றதுக்கு முன்னாடி முடிச்சிட்டேன்."

நந்திதா எட்டிப் பார்த்தாள். கம்பெனியின் ஒவ்வொரு கம்ப்யூட்டருக்கும் பிரின்டருக்கும் கேமராவுக்கும் ஓர் எண் உண்டு. பழைய முறையில் அது நாலு எண்கள், நடுவில் புள்ளிகள். உலகத்தில் அந்த எண்கள் தீர்ந்துபோய், நீளமான புதிய முறை ஒன்று வந்து பல வருஷமாகிறது. பழைய எண்ணைப் புதிய முறைக்குள் எழுதிக்காட்டவும் ஒரு வழி வைத்திருக்கிறார்கள்: முன்னால் இரண்டு முக்காற்புள்ளி, நாலு எஃப், இன்னொரு முக்காற்புள்ளி, அப்புறம் பழைய எண். இருநூற்றுப் பன்னிரண்டு வரியிலும் அவர் அதைத்தான் செய்திருந்தார்.

"சார், பின்னாடி பழைய நம்பர் அப்படியே இருக்குதே."

"இருக்கட்டுமே. முன்னாடி என்ன இருக்குது, அதப் பாரு."

"அது பழசைப் புதுசு மாதிரி எழுதிக்காட்டத்தான் சார். மெஷினுங்க எல்லாம் இன்னும் பழைய நம்பர்லதான் பேசிக்கினு இருக்கும்."

அவர் கண்ணாடியைக் கழற்றினார்.

"எங்க சித்தூர் சர்ச்சு சபைக்கு வேலூர்லருந்து ஒரு குடும்பம் மாறி வருதுன்னு வெச்சிக்க. ரெஜிஸ்டர்ல முன்னாடி 'வேலூர் சபை'ன்னு போட்டுத்தான் அவங்க பேர எழுதுவோம். அதுக்காக அவங்க எங்க ஆளு இல்லன்னு ஆயிடுமா?"

"அவங்க சித்தூருக்கு வந்து குடியிருக்காங்க சார். இதுங்க குடி மாறவே இல்லியே."

அவர் கண்ணாடியைத் திரும்ப மாட்டிக்கொண்டார்.

"நீ திருத்தணிதானே?"

"ஆமா சார்."

"ட்ரெயின் நாலே முக்காலுக்கு. கெளம்பு, விட்டுடப் போற."

பேச்சு அதோடு முடிந்தது. அன்று நந்திதா ஸ்டேஷனில் ஒரு மணி நேரம் முன்னதாகவே உட்கார்ந்திருந்தாள்.

நியாயமாகச் சொன்னால், அவர் செய்தது தப்பில்லை. அந்த மாதம் வந்த புதிய வருகைப்பதிவு சர்வர் பழைய மெஷின்களை அப்படித்தான் பார்க்கும், நாலு எஃப் போட்டு. பட்டியலையும் அப்படியே எழுதித் தரும்படி சர்வர் விற்றவர்கள்தான் கேட்டிருந்தார்கள். ஒரு குமாஸ்தா வேலை, ஒரு மத்தியானம். அதற்குக் "கம்பெனி முழுக்கப் புதுசு" என்று பெயர் வைத்ததுதான் ஜீவரத்தினம் சாருக்கே உரிய கைவேலை.

முன்னால் ஒன்றைச் சேர்த்துப் புதுசாக்குவது அவருக்குப் பழக்கமானதுதான். சித்தூரில் மிஷன் காம்பவுண்டுக்குப் பின்தெருவில் பிறந்து, மிஷன் பள்ளியில் படித்து, இருபத்திரண்டு வயதில் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட் திறந்தவர். ஊரில் கம்ப்யூட்டர் என்ற சொல் நடமாட ஆரம்பித்ததும், போர்டில் டைப்ரைட்டிங் என்பதற்கு முன்னால் கம்ப்யூட்டர் என்று எழுதி வைத்தார். உள்ளே கம்ப்யூட்டர் வருவதற்கு இரண்டு வருஷம் ஆனது. அதுவரை சேர வந்த பிள்ளைகளிடம், "விரல் ரெண்டுக்கும் ஒன்னுதான், மொதல்ல விரல் பழகட்டும்" என்பாராம். பிறகு அதற்கும் முன்னால் இன்டர்நெட் என்று எழுதினார். கடைசியில் கைப்பேசிகள் வந்து அந்த வியாபாரத்தை முடித்துவைத்தபோது போர்டில் எழுத இடமும் இல்லை.

கம்பெனியில் டைப்பிஸ்டாகச் சேர்ந்தார். சில வருஷத்தில் சிஸ்டம் டைப்பிஸ்ட் ஆனார், பிறகு சிஸ்டம் இன்சார்ஜ், இப்போது சீனியர் சிஸ்டம் இன்சார்ஜ். வேலை மட்டும் சேர்ந்த நாளில் செய்த அதே வேலை: யாராவது எதையாவது டைப் அடிக்கச் சொல்வார்கள், அடிப்பார். ஆனால் அடித்தால் ஒரு எழுத்து பிசகாது. விசைப்பலகையைக் குனிந்து பார்த்து அவரை யாரும் கண்டதில்லை. தெலுங்கு, இங்கிலீஷ் இரண்டிலும் டைப்ரைட்டிங் ஹையர் பரீட்சை பாஸ் செய்தவர். தினமும் சித்தூரிலிருந்து பஸ்ஸில் வந்து போகிறவர். பத்தொன்பது வருஷமாகச் சபையின் செயலாளர். அந்தச் சபையில் ஒரு காலத்தில் அங்கத்தினர் பட்டியல் இரண்டாக இருந்து, எது சரி என்று தேர்தல் அன்று கைகலப்பாகி, போலீஸ் வரைக்கும் போனதாம். பொறுப்புக்கு வந்த முதல் நாளே ஜீவரத்தினம் இரண்டில் ஒன்றைக் கிழித்துப் போட்டார். ஒரு சபைக்கு ஒரே ரெஜிஸ்டர். நகல் கிடையாது. இந்தக் கொள்கையில் அவருக்கு இருந்த பிடிப்பு, வேதத்தின் மேல்கூட இருந்ததா என்று நந்திதாவுக்குச் சந்தேகம்.

கம்பெனி ஆண்டு விழா ஏப்ரல் கடைசியில் வந்தது. சேர்மனின் மருமகன் அதற்கு இரண்டு நாள் முன்பு சர்வர் ரூமுக்குள் வந்தார். பெங்களூரில் நாலு வருஷம் இருந்துவிட்டு, வேலையை விட்டாலும் அங்கத்துச் சொற்களை விடாமல் கொண்டு வந்தவர். விழாவில் சேர்மனிடம் காட்டவென்று ஜீவரத்தினம் நீட்டிய பட்டியலின் முதல் பக்கத்தைப் பார்த்துவிட்டு, "புள்ளி புள்ளியா இருந்தா பழசு மாதிரியே தெரியுது அங்கிள். மாமா கண்ணுக்கு இது புதுசுன்னு படணும்" என்றார்.

புள்ளி இல்லாமலும் எழுதலாம். அதே எண்ணை, எழுத்தும் எண்ணும் கலந்த வேறொரு உருவில். பொருள் மாறாது. பார்க்கிறவனுக்குத்தான் ஒன்றும் புரியாது. ஜீவரத்தினம் அன்றைக்குச் சாயங்காலமே முதல் பக்கத்தை மட்டும் அப்படி மாற்றினார்.

"மீதிப் பக்கம் சார்?" என்றாள் நந்திதா.

"மொதப் பக்கத்துக்கு மேல யாரும்மா புரட்டறாங்க?"

யாரும் புரட்டவில்லை. விழா மேடையில் சேர்மன் முதல் பக்கத்தைக் கையில் பிடித்து, கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோய், தூரக் கொண்டுபோய், "சால கொத்தக உந்தி" என்று தெலுங்கில் மெச்சினார். ரொம்பப் புதுசாக இருக்கிறதாம். சால்வை போட்டார்கள். போட்டோ எடுத்தார்கள். போட்டோவில் ஜீவரத்தினம் சார், நாலு எஃப்பையும் தானே கண்டுபிடித்த மாதிரி நின்றார்.

இதோடு விட்டிருந்தால் ஒருவருக்கும் கேடில்லை. வேறு யாராக இருந்தாலும் மேடைக்கு ஒரு பட்டியல், சர்வருக்கு ஒரு பட்டியல் என்று வைத்திருப்பார்கள். பித்தலாட்டம் செய்கிறவனுக்கு அந்த அளவு புத்தி வேண்டும். ஜீவரத்தினம் சாருக்குத்தான் ஒரு இடத்துக்கு ஒரே ரெஜிஸ்டர் என்ற கொள்கை இருக்கிறதே. மேடையில் காட்டிய அதே பட்டியலை மே முதல் தேதி சர்வரில் ஏற்றினார். ஏற்றிவிட்டு, கை தட்டித் தூசி உதறுகிற மாதிரி உதறினார்.

ஜூன் நடுவில் ஒரு திங்கட்கிழமை செங்கமலம் வந்தாள். சித்தூர் ஃபேக்டரியில் மாம்பழ லாரிகளுக்கு எடை போடுகிறவள். நாற்பது வயதுக்குள்தான் இருக்கும். ஆறு வருஷமாக எடைமேடைக் கூண்டிலேயே வேலை. வார விடுமுறையைச் செலவழித்து பஸ் பிடித்து வந்திருந்தாள். ஜீவரத்தினத்தை ஊரில் தெரியும் என்பதால் நேராக சர்வர் ரூமுக்கு வந்து ஒரு காகிதத்தை நீட்டினாள்.

"நைனா, இது இன்னான்னு படிச்சுச் சொல்லு. சூப்பர்வைசர் குடுத்துட்டு மூஞ்சியத் திருப்பிக்கினான்."

அது மெமோ. மே முதல் முப்பத்தெட்டு நாட்கள் அவள் வெளியிடத்திலிருந்து வருகையைப் பதிந்திருக்கிறாள், விளக்கம் தர வேண்டும் என்று இங்கிலீஷில் இருந்தது. போன வருஷம் சிலர் வீட்டில் படுத்துக்கொண்டே போனில் பஞ்ச் வைத்துப் பிடிபட்டதால், பட்டியலில் இல்லாத இடத்திலிருந்து வரும் பதிவைப் புதிய சர்வர் கணக்கில் சேர்க்காது.

"வெளியிடமா?" என்றாள் செங்கமலம். "நான் எங்க போவப் போறேன்? சீசனு. லாரிங்க கலெக்டர் ஆபீஸ் வரைக்கும் நின்னுக்கினு கீது. துன்றதுக்கே எந்திரிக்க முடியல."

"கம்ப்யூட்டர் பொய் சொல்லாதும்மா," என்றார் ஜீவரத்தினம்.

"நானும் சொல்லல நைனா."

ஜீவரத்தினம் மெமோவை மடித்தார், பிரித்தார். அவள் நந்திதா பக்கம் திரும்பினாள்.

"இந்த வருசம் இருநூத்தி நாப்பது நாள் வந்தவங்களத்தான் பர்மனென்ட் பண்றாங்க. இருபதாம் தேதி லிஸ்ட் போடுறாங்களாம். நான் எண்ணி வெச்சிக்கினு கீறேன், இருநூத்தி அம்பத்திரண்டு. இவங்க முப்பத்தெட்டக் கழிச்சா எனக்கு இன்னா மிஞ்சும்? சீசன் முடிஞ்சா கெளம்புன்னுவாங்க. லிஸ்ட்டு அடுத்து எப்ப போடுவாங்களோ, போடவே மாட்டாங்களோ."

அவள் கடைசி பஸ்ஸுக்குக் காத்திருக்காமல் மதியமே போய்விட்டாள். நந்திதா சர்வர் பதிவைத் திறந்தாள். எடைமேடைக் கூண்டின் வருகைப்பதிவு மெஷினிலிருந்து வந்த பஞ்ச் ஒவ்வொன்றும் ஒழுங்காக, காலை ஐந்தரைக்கும் ஆறுக்கும் நடுவில், நாலு எஃப் போட்டு, புள்ளி வைத்து வந்திருந்தது. பட்டியலின் முதல் பக்கத்தில் அதே மெஷின் புள்ளி இல்லாமல், விழாக் கோலத்தில் இருந்தது. சர்வர் எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டுப் பார்த்து, இந்த ஆளை எனக்குத் தெரியாது என்று சொல்லியிருந்தது, முப்பத்தெட்டு நாளும்.

முதல் பக்கத்தில் இருந்த மற்றவை கேமராவும் பிரின்டரும். அவை வருகை பதிவதில்லை. மெயின் கேட் மெஷின்கள் மூன்றாம் பக்கத்தில், புள்ளியோடு சுகமாக இருந்தன. எடைமேடையில் பஞ்ச் வைக்கும் இன்னும் இரண்டு பேரும் முதலாளிக்கு உறவு. அவர்கள் வந்தார்களா இல்லையா என்று யாரும் பார்ப்பதில்லை. ஆக, கம்பெனி முழுக்கப் புதுசானதில் வெளியே தள்ளப்பட்டது ஒரே ஒருத்தி.

நந்திதா அதிகம் பேசுகிறவள் இல்லை. திரையை அவர் பக்கம் திருப்பி, இரண்டு வரியையும் விரலால் காட்டினாள்.

"ரெண்டும் ஒன்னுதாம்மா," என்றார் ஜீவரத்தினம். "அர்த்தம் ஒன்னு."

"ஒன்னுதான் சார். இந்த சாஃப்ட்வேர் அர்த்தம் பாக்கல, எழுத்தப் பாக்குது."

"பாக்கணும். நல்ல சாஃப்ட்வேர்னா பாக்கும்."

"பாக்கல சார். முதல் பக்கத்தப் பழையபடி புள்ளி வெச்சு மாத்திடலாம். ரெண்டு நிமிஷ வேலை. எச்.ஆருக்கு மட்டும் நாம எழுதிக் குடுக்கணும்."

அவர் கழுத்து மெல்லச் சிவந்தது. "மாத்திடு," என்றார். "எச்.ஆருக்கு நீயே எழுதேன். நாளைக்கு எனக்கு லீவு. சபையில கமிட்டி."

செவ்வாய்க்கிழமை கமிட்டி கூடுவது சித்தூர் சபையில் வழக்கமில்லை என்று நந்திதாவுக்குப் பிறகுதான் தெரிந்தது.

அவள் இரண்டு வரி எழுதினாள். பட்டியலில் ஒரு மெஷினின் முகவரி வேறு உருவில் எழுதப்பட்டதால் சர்வர் அதை அடையாளம் காணவில்லை, செங்கமலத்தின் முப்பத்தெட்டு நாட்களும் சரியானவையே. இதைவிடத் தெளிவாக எழுத முடியாது. அதுதான் வினையானது. புதன் காலை எச்.ஆர். மேனேஜர் தரணி மேடம் கூப்பிட்டு அனுப்பினார். தெலுங்குக்காரர், தமிழும் வரும், கோபம் இரண்டிலும் வரும்.

"ஏமம்மா இதி? புள்ளி வெச்சா வந்தாங்க, புள்ளி இல்லன்னா வரலியா?"

"ஆமா மேடம்."

"முப்பத்தெட்டு நாள் போயிருக்கு. காரணம் ரெண்டு வரியா? இத நான் சேர்மன் டேபிள்ல வெச்சா, என்ன நெனைப்பாரு?"

"இதான் மேடம் நடந்தது."

"யாரு தப்பு, யாரு அப்ரூவ் பண்ணாங்க, ஒன்னும் இல்ல. விசாரணை போட்டாத்தான் தெரியும். பத்து நாளாவது ஆகும்." தரணி மேடம் காகிதத்தைத் திருப்பித் தள்ளினார். "அந்தம்மா தமிழா?"

"ஆமா மேடம்."

"நீயும் தமிழ். ஹ்ம்."

நந்திதாவுக்குக் காது மடல் சுட்டது. காகிதத்தை எடுத்துக்கொண்டு வந்தாள். விசாரணைக்குப் பத்து நாள், பட்டியலுக்கு இரண்டு நாள்.

சர்வர் ரூமில் ஜீவரத்தினம் டிபன் டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டிருந்தார். காகிதத்தை வாங்கி, முதலில் ஓரம் சரியாக விட்டிருக்கிறாளா என்று பார்த்தார்.

"ரெண்டு வரியா எழுதின? ரெண்டு வரிய யாரும்மா மதிப்பாங்க?"

"உண்மை அவ்ளோதான் சார்."

அந்த நேரத்தில் அவர் போன் அடித்தது. செங்கமலம். எடைமேடையிலிருந்து பேசுகிறவளுக்கு லாரிச் சத்தத்தை மீறிக் கத்துவதுதான் பழக்கம். நந்திதா இருந்த இடத்துக்கே கேட்டது.

"நைனா, சூப்பர்வைசர் புது ஆள இட்டாந்து எடைமேடையக் காட்டிக்கினு கீறான். இன்னா ஆச்சு என் விசயம்?"

"பாத்துக்கினு இருக்கோம்மா."

"நீ சர்ச்சுல ரெஜிஸ்டர் எழுதறவன். வந்து உக்காந்துகினு கீறவங்களப் பாத்து வரலன்னு எழுதுவியா நைனா?"

ஜீவரத்தினம் போனை வைத்தார். டிபன் டப்பாவை மூடினார். கையைக் கழுவிக்கொண்டு வந்து, வாழ்நாளில் தனக்குப் பிழையில்லாமல் தெரிந்த ஒரே வேலைக்கு உட்கார்ந்தார்.

மூன்று மணி நேரம் டைப் அடித்தார். வந்தது மூன்று பக்கம், இடைவெளி இல்லாத இங்கிலீஷ். தலைப்பே நாலு வரி: புதிய முகவரி முறைக்கு மாறும் இடைக்காலத்தில் இரட்டை வடிவங்களுக்கிடையே நேர்ந்த பொருத்தமின்மை பற்றிய விரிவான தொழில்நுட்ப அறிக்கை. முதல் பக்கத்தில் உலகத்தில் எண்கள் தீர்ந்துபோன வரலாறு. இரண்டாம் பக்கத்தில் அம்புக்குறி போட்ட ஒரு படம். அதில் செங்கமலம் ஒரு கட்டத்துக்குள் 'பயனர்' என்று இருந்தாள். நந்திதா உதட்டைக் கடித்துக்கொண்டு படித்துப்போனாள். மூன்றாம் பக்கத்தில், பதினோராவது வரியில், அதே அளவு எழுத்தில் இருந்தது: முதல் பக்கத்தை மட்டும் தோற்றத்துக்காக மாற்றியது சீனியர் சிஸ்டம் இன்சார்ஜ் ஆகிய நான், பிழை என்னுடையது. கீழே கையெழுத்து, முழுப் பெயரும் எழுதி.

அவள் அந்த வரியை இரண்டு தடவை படித்தாள். ஒளித்து வைத்திருந்தார் என்றும் சொல்ல முடியாது, ஒப்புக்கொள்ளவில்லை என்றும் சொல்ல முடியாது. அங்கே வரைக்கும் யாராவது படித்துக்கொண்டு வந்தால் கண்ணில் படும்.

வியாழக்கிழமை தரணி மேடம் முதல் பக்கத்தில் பாதி படித்தார். இரண்டாம் பக்கத்துப் படத்தை நிமிர்த்தி, சாய்த்துப் பார்த்தார். அறிக்கையை உள்ளங்கையில் வைத்து, எடை பார்க்கிற மாதிரி ஒரு ஆட்டு ஆட்டினார்.

"இதி பெத்த ப்ராப்ளமே," என்றார். "இவ்வளவு பெரிய பிரச்சனைன்னு முன்னாடியே சொல்றதுக்கென்ன? அந்தப் பொண்ணு என்னமோ ரெண்டு வரி எழுதிக் குடுத்துட்டுப் போவுது."

விசாரணை என்ற பேச்சே எழவில்லை. இவ்வளவு பெரிதான விஷயத்தை யார் விசாரிப்பது? வெள்ளிக்கிழமை மதியத்துக்குள் முப்பத்தெட்டு நாளும் கணக்கில் ஏறின. சாயங்காலம் ஒட்டின பட்டியலில் செங்கமலம் ஒன்பதாவது பெயர். அவள் போன் செய்து, "நைனா, பேர் வந்துட்ச்சி" என்று மட்டும் சொல்லிவிட்டு, பின்னால் லாரி ஹாரன் அடிக்க, வைத்துவிட்டாள். சொந்த மூளையால் எழுதிய இரண்டு வரி சாதிக்காததை மூன்று பக்கம் புகை சாதித்ததை நந்திதா யாரிடமும் சொல்லவில்லை. யாரிடம் சொன்னாலும், அவள் சரியாக எழுதவில்லை என்றுதான் சொல்லியிருப்பார்கள்.

மறுநாள் சனிக்கிழமை. அரை நாள் ஆபீஸ். அவள் பையை எடுத்துக்கொண்டு படி இறங்கும்போது ஜீவரத்தினம் கீழே நின்றிருந்தார். அவருடைய பஸ்ஸுக்கு இன்னும் நேரம் இருந்தது.

"ஒரு நிமிஷம்மா. சேர்மன் மருமகன் அறிக்கையப் படிச்சாராம்."

"முழுசுமா சார்?"

"முழுசும். பெங்களூர்ல படிக்கப் பழகிட்டாரு போல." அவர் வேறு பக்கம் பார்த்தார். "திங்கக்கிழம உன்னக் கூப்பிட்டு விசாரிப்பாராம். எப்படி ஆச்சு, எப்படிச் சரி பண்ணீங்கன்னு."

"கேட்டா உள்ளதத்தான் சார் சொல்லுவேன்."

"உள்ளதச் சொல்லு. நானா வேணாங்கறேன்? என் தப்புன்னே சொல்லு. நானே கையெழுத்துப் போட்டுக் குடுத்துட்டேனே."

"அப்புறம் என்ன சார்?"

அவர் டிபன் பையை ஒரு கையிலிருந்து மறுகைக்கு மாற்றினார். படியில் இறங்கி வந்த இரண்டு பேர் தாண்டிப் போகும்வரை காத்திருந்தார். பிறகு குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"ரெண்டு நிமிஷ வேலைன்னு மட்டும் சொல்லிடாதம்மா. அரை நாளாவது ஆச்சுன்னு சொல்லு."